காசளவு பேட்டரி

குழந்தைகள் வார்டில் அவளுக்கு 'இன்னொருதரம்' என்று பெயர். கூட வேலை பார்த்த நர்ஸுகள் வைத்த பெயர்தான். மருந்தை ஊசிக்குழாயில் ஏற்றுவாள், அளவைப் பார்ப்பாள், பக்கத்தில் நிற்பவளிடம் காட்டுவாள். "சரியாத்தான் இருக்கு" என்று அவள் சொன்ன பிறகும், "இன்னொரு தரம் பார்த்துடறேன்" என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பாள். தொட்டிலின் கம்பித் தடுப்பை ஏற்றிவிட்டு வாசல்வரை போனவள், திரும்பி வந்து அதை ஆட்டிப் பார்ப்பாள். சாப்பாட்டு நேரத்தில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் போதும், "அது உன் பாக்ஸ்தானா? இன்னொரு தரம் பார்த்துக்கோ" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

சிரித்தாலும் உள்ளே இருந்தது பயம்தான். படிப்பு முடித்து வந்த புதிதில், பெரியவர்கள் வார்டு வேண்டும் என்றுதான் கேட்டாள். கிடைத்தது குழந்தைகள் வார்டு. "பெரியவங்கன்னா, 'ஏம்மா, நேத்து வெள்ளை மாத்திரைதானே குடுத்தே'ன்னு கேப்பாங்க. இதுங்க குடுத்ததை முழுங்கிடும்" என்று வீட்டில் கணவனிடம் சொல்லிப் புலம்பியிருக்கிறாள். கணவன் ஃபிரிட்ஜ் ரிப்பேர் செய்பவன். "எனக்கு வர்றது எதுவுமே வாயைத் திறக்காது. நான் என்ன அழுதுகிட்டா இருக்கேன்?" என்பான். அதற்கும் சிரிப்பாள். ஆனால் வேலைக்குக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் பஸ்ஸில் உட்கார்ந்ததும் முந்தின நாள் கொடுத்த மருந்துகளை ஒவ்வொன்றாக மனசுக்குள் சரிபார்ப்பாள். வருஷங்கள் போயும் அது போகவில்லை.

அப்படிப்பட்டவள் கையால்தான் அது நடந்தது.

ஜன்னல் பக்கத்து அறையில் அன்று இரண்டு குழந்தைகள் இருந்தார்கள். ஒருத்தி மூச்சிரைப்புக்காகச் சேர்ந்த ஆறு வயதுப் பெண். ஆவி பிடிக்கும் மாஸ்க்கைக் கழற்றினால் பேச்சு, மாட்டினாலும் உள்ளிருந்து பேச்சு. அதனால் அவள் பெயர் ரேடியோ. அவளுடைய அம்மா பகலில் வேலைக்குப் போய்விட்டுச் சாயங்காலம் வருவாள். இன்னொருவன் இரண்டு வயதுகூட ஆகாத பையன். கன்னமும் தொடையுமாகக் கொழுகொழுவென்று இருந்ததால் எல்லோருக்கும் அவன் உருண்டை. வயிற்றுப்போக்கு ஏறக்குறைய நின்றுவிட்டது, மறுநாள் வீட்டுக்குப் போகவேண்டியவன். அவன் கையில் டிரிப் ஊசி குத்தியிருந்த இடம் வீங்கிப்போனதால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஊசியை எடுத்துவிட்டு மறு கையில் போடவேண்டியிருந்தது.

பையன் ஊரைக் கூட்டினான். அம்மா மடியில் பிடித்துக்கொண்டாள். பொம்மையைக் காட்டியதற்கு விசிறி அடித்தான். அப்போதுதான் சுவரில் மாட்டியிருந்த டிவியின் ரிமோட் இன்னொருதரத்தின் கண்ணில் பட்டது. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான, மெல்லிசான ரிமோட். பின்பக்கம் பேட்டரித் தட்டின் கொக்கி எப்போதோ உடைந்துபோய், யாரோ வெள்ளைப் பிளாஸ்டரைச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். வார்டில் எல்லோருக்கும் தெரியும். புதிது கேட்டுக்கொண்டே இருந்தார்கள், வந்தபாடில்லை. எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அழுகை குழாயை மூடினாற்போல் நின்றது. ஒரே குத்தில் ஊசி இறங்கிவிட்டது.

"மந்திரக்காரி சிஸ்டர் நீங்க" என்றாள் பையனின் அம்மா, தன் கண்ணைத் துடைத்துக்கொண்டே.

ஊசியைச் சுற்றிக் கட்டி முடிப்பதற்குள் பக்கத்து அறையில் ஒரு மெஷின் கத்தியது. தொட்டில் தடுப்பை ஏற்றினாள், ஆட்டிப் பார்த்தாள், ஓடினாள். ரிமோட் பையன் கையிலேயே இருந்தது.

பக்கத்து அறை வேலை முடிந்து, மருந்து கொடுத்து, இன்னொரு குழந்தைக்குத் துணி மாற்றி அவள் திரும்பி வந்தபோது ரேடியோ கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, டிவி செத்துப்போச்சு. நான் அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். வேற படமே வரல."

"நீ எப்ப ரிமோட்டை எடுத்தே?"

"தம்பி கீழ போட்டான். அவங்க அம்மா பால் பாட்டில் கழுவப் போயிருந்தாங்க. நான்தான் எடுத்து வச்சேன். நான் சமத்து."

இன்னொருதரம் ரிமோட்டைக் கையில் வாங்கினாள். பிளாஸ்டர் இல்லை. பின்பக்கத்துத் தட்டு பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. தட்டில் காசு வடிவத்தில் ஒரு பள்ளம். பள்ளம் காலி.

கை கால் ஓடவில்லை என்பார்களே, அப்படி நின்றாள். பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் ஓடின. தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். ரேடியோவின் போர்வையை உதறினாள், தலையணை உறையைத் திருப்பினாள். தொட்டிலில் உருண்டையை ஒரு பக்கம் நகர்த்திவிட்டு மெத்தையைத் தூக்கினாள். அங்கே, ஓரத்தில், சுருண்டு ஈரமாகக் கிடந்தது பிளாஸ்டர். எச்சில் ஈரம். பேட்டரி இல்லை.

"கண்ணு, நீ ஏதாவது வட்டமா, பளபளன்னு பார்த்தியா? வாயில வச்சியா?"

"நான் ஏன் வாயில வைக்கிறேன்? நான் என்ன குழந்தையா?" ரேடியோவுக்குக் கோபமே வந்துவிட்டது.

பேச்சுக் கேட்டுத் தலைமை நர்ஸ் வந்தாள். பெரிய சிஸ்டர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். விஷயத்தைக் கேட்டதும் அவள் முகமும் மாறியது. ஆனால் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "முதல்ல தேடுவோம். எங்கயாவது உருண்டு போயிருக்கும். எக்ஸ்ரே அது இதுன்னு கிளப்பிட்டா ஊரே கூடிடும். உன் தலையைத்தான் உருட்டுவாங்க. அலமாரிக்கு அடியில பாரு."

அவள் பார்த்தாள். குப்பைத்தொட்டியைக் கவிழ்த்தாள். மனம் ஒரு பக்கம், 'கிடைச்சுடும், இதோ இந்த மூலையில கிடக்கும்' என்று கெஞ்சியது. வாழ்க்கையில் வேறு எதையும் அவள் அந்த அளவுக்கு வேண்டியதில்லை.

உருண்டையின் அம்மா பாட்டிலோடு வந்து அவனை மடியில் எடுத்துக்கொண்டாள். "என்ன சிஸ்டர் தேடறீங்க? எதையாவது தொலைச்சுட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே பாட்டிலை அவன் வாயில் வைத்தாள். அவன் ஒரு வாய் இழுத்தான், முகத்தைச் சுளித்தான், தள்ளிவிட்டான். பால் உதட்டோரம் வழிந்தது. பாலுக்குப் பின்னால் எச்சிலும் நூல் நூலாக வழிந்தது. சட்டையின் முன்பக்கம் முழுக்க ஏற்கெனவே நனைந்திருந்தது.

"ஊசி போட்ட கோபம் ஐயாவுக்கு. பால் வேணாமாம்" என்றாள் அம்மா.

குனிந்து தேடிக்கொண்டிருந்தவள் அப்படியே நிமிர்ந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டது. காதுக்குள் 'கொய்ங்' என்று ஒரு சத்தம். தப்பித்துவிடலாமே என்று ஒரு நினைப்பு, அது கால் வைக்க இடம் பார்க்கும் முன்பே வாய் பேசிவிட்டது.

"அம்மா, பால் குடுக்காதீங்க. நான் குடுத்த ரிமோட்டுல இருந்த பேட்டரியைக் காணோம். இவன் முழுங்கியிருப்பானோன்னு பயமா இருக்கு."

அந்தத் தாய்க்கு உடனே புரியவில்லை. பாட்டிலையும் மகனையும் மாறி மாறிப் பார்த்தாள். "பேட்டரின்னா… கடிகாரத்துக்குப் போடறதா?"

"அதைவிட மெல்லிசு. காசு மாதிரி."

"காசு முழுங்கினா வெளிய வந்துடும்னு சொல்வாங்களே?"

இன்னொருதரம் அதற்குள் டாக்டர் அறைக்கு ஓடிக்கொண்டிருந்தாள்.

டியூட்டி டாக்டர் ஒரு சின்ன வயதுப் பெண். கேட்டதும் பேனாவைக் கீழே போட்டாள். "தேடறதை நிறுத்துங்க. ரெண்டு குழந்தைக்கும் உடனே படம் எடுங்க. அந்தப் பொண்ணு முழுங்கலன்னு சொன்னாலும் எடுங்க."

ரேடியோவின் படத்தில் ஒன்றும் இல்லை. படம் எடுப்பதற்காக மூச்சைப் பிடிக்கச் சொன்ன ஒரு நிமிஷம் மட்டும்தான் அன்று அவள் பேசாமல் இருந்தாள் என்று பிற்பாடு சொல்வார்கள். அடுத்து உருண்டையின் படம் திரையில் வந்தது. சின்னஞ்சிறு விலா எலும்புகளின் நடுவே, கழுத்துக்குக் கொஞ்சம் கீழே, வெள்ளை வெளேரென்று ஒரு வட்டம்.

"காசுதானே?" என்றார் எக்ஸ்ரே எடுப்பவர், நம்பிக்கையோடு.

"இல்ல. ஓரத்துக்குள்ள இன்னொரு வளையம் தெரியுது பாருங்க" என்றாள் டாக்டர். பிறகு தாயின் பக்கம் திரும்பி, எதையும் மறைக்காமல் சொன்னாள்: "சாப்பாட்டுக் குழாய்ல சிக்கியிருக்கு. அங்க இருக்கிற ஈரம் பட்டதும் அதுலேர்ந்து கரண்ட் ஓடி, சதையை அரிக்க ஆரம்பிச்சுடும். உடனே எடுக்கணும். இவ்வளவு சின்னக் குழந்தைக்குக் குழாய் விட்டு எடுக்கிற வசதி இங்க இல்ல. பெரிய ஆஸ்பத்திரிக்குச் சொல்லிட்டேன், தயாரா இருக்காங்க. சிஸ்டர், தேன் இருக்கா?"

"தேனா?"

"அரிப்பை அது கொஞ்சம் தாமதப்படுத்தும். போற வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா நக்கக் குடுங்க. வேற எதுவும் வேண்டாம்."

நர்ஸுகள் டீ போடும் அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது. அதையும் ஒரு ஸ்பூனையும் எடுத்துக்கொண்டு இன்னொருதரம் ஆம்புலன்ஸில் ஏறினாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி அவள் வீட்டில்கூட முழுதாகச் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் விடும் நேரம். தெரு முழுக்கக் குழந்தைகள். சைரன் அலறியும் வண்டி ஊர்ந்தது. முன்னால் போன பஸ் ஒதுங்க இடமில்லாமல் நின்றது. அம்மாவின் மடியில் உருண்டை முனகிக்கொண்டே இருந்தான். அழக்கூட இல்லை, அதுதான் அவளை இன்னும் கலக்கியது. அவள் ஸ்பூனில் தேனை ஊற்றினாள், கை ஆடியது, பாதி அவன் கழுத்தில் கொட்டியது. மறுபடி ஊற்றினாள், மறுபடி ஆடியது.

"குடுங்க இப்படி" என்றாள் அம்மா. "உங்க கை நடுங்குது."

பாட்டிலைப் பிடுங்கித் தானே ஊட்டினாள். அவள் கை ஆடவில்லை. ஊட்டிக்கொண்டே, நர்ஸின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்: "நீங்கதானே குடுத்தீங்க?"

"ஆமா."

"பிளாஸ்டர் ஒட்டியிருந்தது உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

அந்தத் தாய் அடுத்த ஸ்பூனை ஊற்றினாள். பாலத்தில் ஏறும்போது பையன் இருமினான். தேனோடு சேர்ந்து கொஞ்சம் எச்சில் வந்தது. அதில் ஒரு சிவப்புக் கீற்று, நூலளவு.

"சிஸ்டர், இது ரத்தமா?"

"ஆமாம்மா." பொய் சொல்ல அவளுக்குத் தெம்பில்லை. டிரைவருக்குப் பின்னால் இருந்த கண்ணாடியைத் தட்டினாள். "அண்ணே, எப்படியாவது போங்க அண்ணே!"

போய்ச் சேர்ந்ததும் வாசலிலேயே ஆட்கள் நின்று வாங்கிக்கொண்டார்கள். கதவு மூடிக்கொண்டது. இரண்டு பெண்களும் எதிரெதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பையனின் அப்பா வேலையிடத்திலிருந்து ஓடி வந்தார். நடந்ததை மனைவி சொன்னதும் நர்ஸை ஒரு பார்வை பார்த்தார். அடித்திருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டர் வெளியே வந்தபோது கையில் ஒரு சின்ன எஃகுக் கிண்ணம். அதில் அது கிடந்தது. ஒரு பக்கம் கரிந்து கறுத்திருந்தது.

"எடுத்தாச்சு. உசுருக்கு இப்ப ஆபத்தில்ல" என்றார். பெஞ்சிலிருந்து எழுந்த மூன்று பேரும் மூச்சு விடுவதற்குள் தொடர்ந்தார்: "ஆனா உள்ள புண்ணாயிடுச்சு. பக்கத்துலயே பெரிய ரத்தக்குழாய் ஓடுது. புண் ஆழமாப் போனா இன்னும் சில வாரம் கழிச்சுக்கூட திடீர்னு ரத்தம் வரலாம். வராமலும் போகலாம். கண்ணை எடுக்காம பார்த்துக்கணும்."

அன்று வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மகளின் பொம்மைகளைக் கூடத்தில் கொட்டி, ஒவ்வொன்றின் முதுகையும் ஸ்குரூடிரைவரால் திறந்தாள். எடை மெஷின், ரிமோட், வாழ்த்து அட்டையில் பாட்டுப் பாடும் தகடு, எதையும் விடவில்லை. ஒரு வாரத்துக்கு அந்த வீட்டில் சுவர்க் கடிகாரம்கூட ஓடவில்லை.

"அம்மா, என் பொம்மை ஏன் பேச மாட்டேங்குது?" என்று மகள் அழுதாள்.

"பேசாம இருக்கட்டும், நமக்கு நல்லதுதான்" என்று கணவன் மகளைத் தூக்கிக்கொண்டான். மனைவி குவித்து வைத்திருந்த பேட்டரிகளை ஒரு டப்பாவில் போட்டு, மூடியை டேப்பால் நாலு சுற்றுச் சுற்றி, தன் கடைக்கு எடுத்துப் போய்விட்டான்.

ஆஸ்பத்திரியில் விசாரணை வைத்தார்கள். வேலை போய்விடும் என்றுதான் அவள் போனாள். நடந்ததைச் சொன்னாள். சொல்லி முடித்ததும் பெரிய சிஸ்டர் எழுந்து நின்றாள். "முதல்ல தேடச் சொன்னது நான். பயத்துல சொன்னேன். இவ என் பேச்சைக் கேட்டு இன்னும் கொஞ்ச நேரம் தேடியிருந்தா, நாம இன்னிக்கு வேற மாதிரி உக்காந்திருப்போம். அந்த ரிமோட்டுக்குப் பிளாஸ்டர் ஒட்டினதும் நான்தான்." அறையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வேலை போகவில்லை. அந்த வாரமே எல்லா வார்டிலும் திருகாணி வைத்த ரிமோட் வந்தது. இத்தனை நாள் வராதது எப்படி இவ்வளவு சீக்கிரம் வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

இன்னொருதரம் தானே மாற்றல் கேட்டு ஆண்கள் வார்டுக்குப் போனாள். அங்கேயும் பயம் கூடவே வந்தது. ஒரு கிழவர் மாத்திரை போட்டுத் தண்ணீர் குடித்ததும், "வாயைத் திறங்கய்யா" என்றாள்.

"ஏம்மா, நான் என்ன திருடிட்டா போறேன்?" என்று அவர் ஆவென்று காட்டினார். "நல்லாப் பார்த்துக்கோ. பல்லே கிடையாது, எங்க ஒளிச்சு வைக்கிறது?"

வார்டே சிரித்தது. அவள் வெளியே போய் வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேலை முடிந்ததும் தினமும் பஸ் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவாள். உருண்டை படுத்திருந்த அறை வாசலில் கொஞ்ச நேரம் நிற்பாள். மூக்கு வழியாகக் குழாய் போட்டு அதில்தான் அவனுக்குச் சாப்பாடு. கன்னம் வற்றிவிட்டது. உருண்டை என்று யாரும் கூப்பிட முடியாது. அவன் அம்மா அவளைப் பார்ப்பாள், முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அப்படியே பல நாள் போயிற்று.

ஒரு சாயங்காலம் அந்தத் தாய் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"உள்ள வாங்க. இப்படி வெளியில நிக்காதீங்க. உங்களைப் பார்த்தா ஏதோ நடக்கப்போற மாதிரியே இருக்கு. எனக்கு இருக்கிற பயம் போதும்."

இன்னொருதரம் உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். இருவருமாக அவன் மார்பு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தினமும் அப்படித்தான். சில நாள் அந்தத் தாய், "நீங்க இருக்கீங்கல்ல, நான் போய் முகம் கழுவிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போவாள். திரும்பி வரும்வரை இவள் கண் இமைக்கமாட்டாள்.

அப்படி ஒரு முறை இவள் தனியாக இருந்தபோதுதான் குழாயில் சிவப்பு தெரிந்தது. முதலில் வெளிச்சம் என்று நினைத்தாள். அப்புறம் மூக்கோரம் ஒரு சொட்டு. இவள் போட்ட கூச்சலில் அந்த மாடி முழுக்க ஓடி வந்தது. முகம் கழுவப் போன தாய் ஈரக் கையோடு வாசலில் நின்று, உள்ளே வரவும் முடியாமல், "சொல்லுங்க, யாராவது சொல்லுங்க" என்று அரற்றினாள். டாக்டர்கள் குழாயை எடுத்தார்கள், டார்ச் அடித்தார்கள், ஸ்கேனுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒன்றும் இல்லை. குழாய் உரசி மூக்குக்குள் கீறல். அவ்வளவுதான்.

அவ்வளவுதான் என்று கேட்டதும் இருவரும் சுவரோரம் தரையில் சரிந்து உட்கார்ந்தார்கள். யார் கை யாரைப் பிடித்திருந்தது என்று தெரியவில்லை.

"உங்க மேல கோபம் போகல" என்றாள் அந்தத் தாய், தரையைப் பார்த்துக்கொண்டு. "போகுமான்னும் தெரியல. ஆனா ஒண்ணு. நீங்க மட்டும் வாயைத் திறக்காம இருந்திருந்தா, நான் அந்தப் பாலைத்தான் ஊட்டிக்கிட்டு இருந்திருப்பேன்."

பயந்த அந்த வாரங்கள் ஒவ்வொன்றாகக் கழிந்தன. ரத்தம் வரவில்லை. புண் ஆறியபோது சாப்பாட்டுக் குழாய் சுருங்கியது. மயக்கம் கொடுத்து இரண்டு மூன்று தடவை விரித்துவிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் மூடிய கதவுக்கு வெளியே அதே பெஞ்சு. பிறகு தண்ணீர், பிறகு கஞ்சி.

இதற்கிடையில் பெரிய சிஸ்டர் ஆண்கள் வார்டுக்கு வந்து அவளைப் பிடித்துக்கொண்டாள். "போதும், திரும்பி வா. அங்க எல்லாரும் தைரியசாலியா இருக்காளுங்க. எனக்குத் தூக்கம் வரல. பயப்படறதுக்கு ஒரு ஆள் வேணும்."

"அவன் கெட்டியா ஏதாவது சாப்பிடட்டும் சிஸ்டர். அப்புறம் சொல்றேன்."

அவன் சாப்பிட்ட நாளில் அவள் அங்கே இருந்தாள். வெளிநோயாளிகள் பகுதியில், டாக்டர் பார்த்து அனுமதி கொடுத்த கையோடு, தாய் பையிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து நுனியைக் கிள்ளிக் கொடுத்தாள். அவன் வாயில் போட்டு மென்றான். மென்றுகொண்டே இருந்தான். இரண்டு பெண்களும் அவன் தொண்டையையே பார்த்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் இவர்கள் ஏன் மூச்சு விடாமல் இருக்கிறார்கள் என்று புரியாமல் பார்த்தார். தொண்டை ஏறி இறங்கியது. அவன் வாயைத் திறந்து "இன்னும்" என்றான்.

தாய் சிரித்தாள். இவள் எழுந்து கழிப்பறைக்குப் போய் ஓங்கி அழுதுவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அடுத்த மாதம் குழந்தைகள் வார்டுக்குத் திரும்பினாள். இப்போதும் அங்கேதான். அவன் பள்ளிக்கூடம் போகிறான். சாப்பாட்டை மெதுவாக மென்று சாப்பிடவேண்டும், வேறு குறையில்லை. அவன் அம்மா எப்போதாவது போன் செய்வாள். அந்த நம்பரைப் பார்த்ததும் இவளுக்குத் திக்கென்று இருக்கும், முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள். அது அந்தத் தாய்க்கும் தெரியும். அதனால் ஹலோ சொல்வதற்கு முன்பே சொல்லிவிடுவாள்:

"ஒண்ணும் இல்லக்கா. சும்மாதான் கூப்பிட்டேன்."